சிட்லபாக்கம் ஏரியை வரையப் போனது

வெள்ளிக்கிழமை மதியம் 12.40-க்கு அரக்கோணத்தில் ரயில் ஏறினேன். ஒரு கையில் துணிப்பை, கக்கத்தில் ஒன்றரை அடிக்கு ஓரடிப் பலகை. எதிரில் இருந்த பெரியவர் பலகையை வெகு நேரம் பார்த்துவிட்டு, "அப்பளம் இடறதுக்காம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். படம் வரைய என்று சொன்னால் சென்னை வரைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

1972, பொங்கலுக்கு முந்தைய வாரம். அன்று அரை நாள் லீவு போட்டிருந்தேன்; மறுநாள் இரண்டாம் சனி, அலுவலகம் விடுமுறை. நான் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். நாளெல்லாம் தட்டெழுதுவேன், மாலையில் அதற்கெல்லாம் ரப்பர் முத்திரை குத்துவேன். வீட்டுக்கு வந்து சமையலை முடித்தால் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். அதில் நீர்வண்ணப் படம் வரைவேன். பனிமலை, அருவி, பாய்மரப் படகு. எல்லாம் காலண்டரைப் பார்த்துத்தான். போன வருடம் அலுவலக மன்றத்துக் கண்காட்சிக்கு ஓர் அருவியைக் கொடுத்தேன். நடுவராக வந்தவர் வீட்டிலும் அதே காலண்டர் மாட்டியிருந்தது என் கெட்ட காலம். எல்லார் முன்னாலும் படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் காலண்டர் கமலா. பியூன் வரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சிரித்துச் சமாளித்தேனே தவிர, உள்ளே எரிந்தது. அவர்கள் சொன்னது உண்மை என்பதால்தான் அத்தனை எரிச்சல்.

இந்த நிலைமையில்தான் எஸ்தரிடமிருந்து கடிதம் வந்தது. தட்டச்சுப் பயிலகத்தில் என்னோடு படித்தவள். இப்போது தாம்பரத்தில் ஓவிய ஆசிரியை. பொழுதுபோக்காக வரைகிறவர்கள் பதினைந்து இருபது பேர் சேர்ந்து அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். வருடம் ஒருமுறை ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரே நாளில் வரைந்து, மறுநாள் கண்காட்சி வைப்பார்கள். 'வா, நேரில் பார்த்து வரை. உன் பெயர் போட்டு மாட்டுவோம்' என்று எழுதியிருந்தாள். நேரில் பார்த்து நான் ஒரு வாழைமரம்கூட வரைந்ததில்லை. அதனாலேயே போவதென்று முடிவு செய்தேன்.

2.30-க்குச் சென்ட்ரல். பஸ் பிடித்துப் பிராட்வே போனேன். அங்கே ஒரு சந்தில் ஓவியச் சாமான் கடை, ஆறடி அகலம்தான் இருக்கும். அணில் முடித் தூரிகை கேட்டேன். கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கவுண்டரில் வைத்தார்.

"முக்கி உதறிப் பாருங்க மேடம். நுனி ஊசி மாதிரி சேர்ந்து நின்னா எடுங்க. பிரிஞ்சு நின்னா அது தொடப்பம்."

ஏழு உதறினேன், ஒன்று தேறியது. விலை 3 ரூபாய் 75 பைசா. சொரசொரப்புத் தாள் ஒன்று 90 பைசா, நான்கு வாங்கினேன். வெள்ளை ட்யூபை எடுத்தபோது தடுத்துவிட்டார். "வாட்டர் கலருக்கு வெள்ளை எதுக்கு? தாளை விட்டு வெச்சாலே வெள்ளைதானே!" அதே தெருவில் மருந்துக்கடையில் சின்னப் புட்டி கிளிசரின் வாங்கினேன். நம் ஊர் வெயிலில் வண்ணம் பூசப் பூசக் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும்; தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டால் கொஞ்சம் பொறுத்துக் காயும்.

4.10-க்குக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில். புறப்படும் இடம் என்பதால் ஜன்னலோரம் கிடைத்தது. தாம்பரம் வரை 29 கிலோமீட்டர். கிண்டி தாண்டியதும் கூட்டம் குறைந்து காற்று வந்தது. பரங்கிமலை இடப்பக்கம் வருமென்று நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, அது அந்தப் பக்கம் வந்தது. மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தலைக்கு மேலேயே இறங்கியது; பெட்டியில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்து மணிக்குத் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கினேன். எஸ்தர் குடையோடு நின்றாள்.

"மழையே இல்லையே, குடை எதுக்கு?"

"நாளைக்கு நீ ஏரிக்கரையில கருகாம இருக்க. ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன் கமலா. தானியேல் சார்தான் செக்ரட்டரி. ரொம்ப நல்லவர், ஆனா ரூல்னா ரூல்."

சனிக்கிழமை காலை 6.30. கிழக்குத் தாம்பரத்தில் தேவாலயத்தை ஒட்டிய கூடம். தானியேல் சார் ஓய்வுபெற்ற வரைபடக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்ட், சட்டைப் பையில் நான்கு பென்சில். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, அதன் பின்பக்கம் சங்கத்தின் ஊதா முத்திரையைக் குத்தினார். வீட்டிலேயே வரைந்து கொண்டு வந்து ஏமாற்றாமலிருக்க இந்த ஏற்பாடு. மூலையில் குத்தினால் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள் என்று நட்டநடுவில் குத்துவாராம். "முத்திரை இருந்தாத்தான் மாட்டுவோம். சாயங்காலம் நாலு மணிக்குள்ள கொடுத்துடணும், அதுக்கு மேல வாங்க மாட்டேன்" என்றார். எனக்கு அந்த முத்திரையைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. இனி யாரும் காலண்டர் என்று சொல்ல முடியாது.

7.15. சிட்லபாக்கம் ஏரி. மழைக்காலம் முடிந்து கரை தொட்டு நின்றது தண்ணீர். மற்றவர்கள் மர நிழல்களில் சிதறி உட்கார்ந்தார்கள். நான் தள்ளிப் போய் ஒரு தனியிடம் பிடித்தேன். தாளை நனைத்துப் பலகையில் பசைநாடா வைத்து ஒட்டினால்தான் வண்ணம் பூசும்போது சுருங்காது என்று புத்தகத்தில் படித்து, எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஏரித் தண்ணீரில் தாளை இரண்டு பக்கமும் நன்றாக முக்கி எடுத்து ஒட்டினேன். மற்றவர்கள் யாருமே நனைக்கவில்லை, நான்கு மூலையில் ஊசி குத்தியிருந்தார்கள். விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வானத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஊதாவாக ஏதோ தெரிந்தது. தூரிகையில் அழுக்கு என்று கழுவினேன். அது பெரிதானது. அப்புறம்தான் உறைத்தது. தினம் நூறு முத்திரை குத்துகிறவள் நான். அந்த மை தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? தாளின் முதுகில் இருந்த முத்திரை ஊறி, முன்பக்கம் வந்து, என் வானத்தில் நின்றது. பையில் இன்னும் நான்கு தாள் இருந்தது. ஆனால் அவற்றில் முத்திரை இல்லை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாம்மா, வானத்துல கத்திரிக்கா காச்சிகீது?"

திரும்பினேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் ஆள், கையில் சிவப்பு எனாமல் டப்பா. பெயர் முனுசாமி. ஏரிக்கு இந்தப் பக்கத்து நிலம் அவருடையது. பயிர் வைத்ததை நிறுத்தி மனை போட்டு விற்கிறார். அதற்கான தகரப் பலகையை அன்று காலைதான் இரண்டு ஆட்கள் குழி தோண்டி நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்டூலில் ஏறி எழுத்துகளுக்குச் சிவப்புப் பூசினார். நடுநடுவே என் படத்தைப் பார்க்க வந்தார்.

"அது இன்னா?"

"படகு."

"இந்த ஏரில படகு ஏதும்மா? நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணெதிரே ஏரி இருக்கிறது. அதில் படகு இல்லை. என் கை தானாகவே போட்டிருந்தது. காலண்டர் என் அலமாரியில் இல்லை, கைக்குள்ளேயே இருந்தது. சுத்தத் தண்ணீரால் படகை ஈரமாக்கி, ஒற்றுத்தாளை அழுத்தி அழுத்தி எடுத்தேன். மெல்லிய கறையாக மிச்சம் நின்றது.

"என் போர்டைப் போடு. நட்டது நட்டாப்ல போடு."

"அது நல்லா இருக்காதுங்க. கோணலா வேற நிக்குது."

"கோணலாத்தான் கீது, அதுக்கு இன்னா? கீறதைப் போடறதுக்குத்தான குந்திகினு கீற?"

மஞ்சள் தகரத்தையும், கோணல் காலையும், இன்னும் பூசி முடியாத சிவப்பு எழுத்துகளையும் போட்டேன். 'மனைகள்' வரைக்கும்தான் அப்போது சிவந்திருந்தது; 'விற்பனைக்கு' வெறும் பென்சில் கோடு. அப்படியே போட்டேன். அன்றைக்குப் பார்த்து வரைந்த முதல் பொருள் அதுதான். ஊதா வானத்தை மறந்துவிட்டேன். முனுசாமி ஸ்டூலிலும் நான் புல்லிலுமாக மதியம் வரை ஆளுக்கொரு தூரிகையோடு இருந்தோம். பதினைந்து பைசா டீ இரண்டு வாங்கிவரச் சொல்லி, ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

3.50. கூடம். தானியேல் சார் ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் பார்த்து வாங்கினார். என்னுடையதைத் திருப்பியதும் கை நின்றது. நடுவில் ஊதாக் குளம் ஒன்று. ஓர் எழுத்துகூட இல்லை.

"முத்திரை எங்கேம்மா?"

"வானத்தில் இருக்கு சார்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

"ஊதா இங்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்க பையில அதே தாள் இருக்கே?"

இருந்தது. நேற்று வாங்கிய நான்கும் அதே தாள், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"இது தென்கரை. நான் தினம் காலையில அங்கேதான் நடக்கிறேன். இந்த மாதிரி போர்டு அங்கே கிடையாது. இது நேர்ல பார்த்து வரைஞ்சது இல்லம்மா, மன்னிக்கணும்."

ஊரில் காலண்டர் என்றார்கள், அது நிஜம். இங்கே முதல்முறையாகக் கண்ணால் பார்த்ததைப் போட்டிருக்கிறேன், அதையும் பொய் என்கிறார்கள்.

"சார், அதை இன்னிக்குக் காலையிலதான் நட்டாங்க" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. "நான் வரையும்போது பாதி எழுத்துக்குத்தான் சிவப்பு அடிச்சிருந்தாங்க. போய்ப் பாருங்க சார்."

அவர் பேண்ட் காலில் கிளிப் மாட்டி, வாசலில் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எஸ்தர் கொடுத்த காபி கையிலேயே ஆறிப்போனது. மற்றவர்கள் சுவரில் படம் மாட்டினார்கள். எனக்கான ஆணி மட்டும் சும்மா இருந்தது.

4.45-க்கு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். நேராக என்னிடம் வந்து ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனியில் சிவப்பு எனாமல்.

"'விற்பனைக்கு'ல கை வெச்சேன். இன்னும் காயலை" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "தப்பா சொல்லிட்டேன்மா" என்றார். அந்த ஆணியில் படத்தை அவரே மாட்டினார். வெள்ளைப் பேண்டில் சிவப்பு ஒட்டியிருந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை கண்காட்சி திறந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சீட்டு. என்னுடையதில், 'கமலா, அரக்கோணம். சிட்லபாக்கம் ஏரி, தென்கரை, நேரில் பார்த்து வரைந்தது' என்று வரைபடக்காரரின் அச்சு போன்ற எழுத்து. பரிசு வேறு யாருக்கோ போனது. அல்லிப் பூக்களை அழகாகப் போட்டிருந்தார் ஒருவர். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த ஓர் அம்மா என் படத்தின் முன்னால் நின்று, "வானம் ஏன் இப்படி இருக்கு?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. முனுசாமி குடும்பத்தோடு, சலவைச் சட்டையில் வந்தார். தன் தகரப் பலகையைப் படத்தில் சின்னதாகப் போட்டுவிட்டேன் என்று குறைப்பட்டார். படத்தைத் தன் மனை ஆபீசில் மாட்டக் கொடுக்கும்படி கேட்டார்.

"கேட்ட விலை தரேம்மா."

"இல்லீங்க. இது என்கிட்ட இருக்கட்டும்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் படம் ஒன்றைக் கொடுக்க மனம் வரவில்லை.

மதியம் 1.20-க்குச் சானடோரியத்தில் ரயில் ஏறினேன். பலகைக்கும் என் மடிக்கும் நடுவில் படம். தாம்பரத்துப் பக்கம் ஏரிகள் அதிகம், குன்றுகள் அதிகம், வரைகிறவர்கள் உட்கார்ந்தால் வேடிக்கை பார்த்துத் தப்பும் சொல்கிற மனிதர்களும் இருக்கிறார்கள். எங்கள் அரக்கோணத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. பதினோரு வருடமாகத் தினம் இருமுறை கடக்கிறேன். அதன் கரையில் என்ன மரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை பார்த்துவிடலாம் என்ற நினைப்பு சந்தோஷமாகவும் இருந்தது.

அலுவலகத்தில் படத்தைக் காட்டினேன். பெயர் மாறவில்லை, இன்றைக்கும் காலண்டர் கமலாதான். ஆனால் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நான் குட்டைக்கரையில் போய் உட்கார்ந்தபோது, பியூன் வந்து எட்டிப் பார்த்து, "மேடம், அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துல பஞ்சர் ஆன லாரி ஒண்ணு நிக்குதே, அதை விட்டுட்டீங்களே" என்றார். தூரிகையை மறுபடி நனைத்துக்கொண்டு, லாரியைப் போட ஆரம்பித்தேன்.