தூடோங்கில் ஒரு முழம் மல்லிகை

போன வருடம் நோன்பு மாதத்தில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மத்தியான வேளையில் நடந்தது இது. அப்போது எனக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். மருந்து ஏற்றும் நாளில் மட்டும் லீவு போட்டுக் கூட வருவார். இரத்தப் பரிசோதனைக்கு நான் தனியாகவே போய்விடுவேன்.

முடி முழுவதும் கொட்டிவிட்டது. டோப்பா வைத்துப் பார்த்தேன், நம் ஊர் வெயிலுக்கு மண்டை அரித்துத் தள்ளியது. துப்பட்டாவைச் சுற்றினால் ரயில் ஏறுவதற்குள் நழுவித் தோளுக்கு வந்துவிடும். கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணிதான் முஸ்லிம் பெண்கள் தலைக்குப் போடும் தூடோங் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைவழியே மாட்டிக்கொண்டால் போதும், முகம் தவிர மற்றதையெல்லாம் மூடிவிடும். வசதியாகத்தான் இருந்தது. மருந்தின் வேகத்தில் நெற்றித் தோல் உரிந்ததால் பொட்டு வைப்பதையும் விட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒருத்தி நிற்பாள். அப்புறம் கண்ணாடி பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு இரத்த அணுக்கள் குறைவாக இருக்கின்றன என்று சொல்லி, மருந்து ஏற்றுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். இன்னும் பாதி மருந்து பாக்கி இருந்தது. வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். பட்டது போதும், இனிமேல் ஆஸ்பத்திரிப் பக்கமே வரக்கூடாது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை கூடப் பார்த்துவிட்டேன்.

மாத்திரை போடுவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டும் காலம் அது. தயிர்சாதம் மட்டும்தான் உள்ளே இறங்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். மீசை வைத்த ஊழியர் ஒருவர் வந்தார், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். என் தலையைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, இங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது காக், வேண்டுமானால் பொட்டலம் கட்டித் தருகிறேன் என்று தட்டுத்தடுமாறிய மலாயில் சொன்னார். 'காக்' என்றால் அக்கா. நோன்பு மாதத்தில் பகலில் முஸ்லிம் ஒருவர் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவருக்கும் வம்பு, கடைக்கும் வம்பு. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"நான் தமிழச்சி! முடி கொட்டிப் போச்சு, அதுக்குத்தான் இதை மாட்டியிருக்கேன். எனக்குத் தயிர்சாதம் வேணும், இப்பவே வேணும்!" என்று கத்திவிட்டேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. பாவம், அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். "மன்னிச்சிருங்க அக்கா, தெரியாம சொல்லிட்டேன்" என்று உள்ளே ஓடியவர், தயிர்சாதத்தின் மேல் மாதுளை முத்துகளைத் தூவி எடுத்துவந்து வைத்தார். கண்ணீரும் தயிர்சாதமுமாகச் சாப்பிட்டு முடித்தேன்.

வெளியே வந்தால், வாசலை ஒட்டிய பூக்கடையிலிருந்து ஒரு குரல். "கிள்ளான் அக்காதானே நீங்க?"

கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெண்ணிடம்தான் பூ வாங்குவேன். என் வயதுதான் இருக்கும். உதட்டில் பளிச்சென்று சாயம், காதில் எந்நேரமும் போன். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்தக் கோலத்தில் சொந்தக்காரர்களே என்னைத் தெரியாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

"எப்படிம்மா அடையாளம் தெரிஞ்சது?"

"மூஞ்சி தெரியல அக்கா. உள்ள ஒரு சத்தம் போட்டீங்களே, எங்கிட்ட பூ விலை பேசுறப்போ போடுற அதே சத்தம் லா!"

சிரித்துவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேனோ தெரியவில்லை. என்னிடமிருந்து என்னென்னவோ உதிர்ந்துபோயும், சண்டைக்காரக் குரல் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மல்லிகையில் ஒரு முழம் அளந்து நறுக்கினார்.

"எங்க வைக்கிறது? முடியே இல்லையே" என்றேன்.

"முடி எதுக்கு? துணியில குத்தப் போறேன்" என்றவர், தன் துப்பட்டாவில் இருந்த ஊசியைக் கழற்றி, என் தூடோங்கின் பின்பக்கம் பூவைக் குத்திவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். "ஆங், இப்பதான் எங்க அக்கா மாதிரி இருக்கீங்க."

சோப்பு வாசம்கூட ஆகாமல் கிடந்தவள் நான். அந்த மல்லிகை வாசத்துக்கு மட்டும் வயிறு புரளவில்லை. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"அடுத்த வாரமும் எடுத்து வைக்கிறேன், வந்துருங்க" என்றார்.

"வரமாட்டேன். ஆஸ்பத்திரியையே நிறுத்திடலாம்னு இருக்கேன்." யாரிடமும் சொல்லாததை, பூக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த சரத்தைக் கட்ட எடுத்தார். "நான் எடுத்து வச்சிருவேன். நீங்க வராட்டி அது வீணாத்தான் போகும், வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்தவரைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

ரயிலில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தூடோங் போட்டுக்கொண்டு மல்லிகையும் வைத்த பெண்ணை யார்தான் பார்த்திருப்பார்கள்! பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண், நல்ல வாசமாக இருக்கிறது காக் என்று சிரித்தார். மத்தியானம் என்னைச் சுட்ட அதே வார்த்தைதான். இப்போது இனித்தது.

கிள்ளான் நிலையத்தில் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். நோய் வந்ததிலிருந்து மனிதர் என்னைக் கிண்டல் செய்வதையே நிறுத்தியிருந்தார். உடைந்துவிடுவேனோ என்று பயந்து பயந்துதான் பேசுவார். அன்றைக்குப் பூவைப் பார்த்ததும், "என்ன, கல்யாணப் பொண்ணு எந்த மதம்?" என்றார். முதுகில் ஒன்று வைத்தேன். ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் வாய்க்கு வரவே இல்லை.

அடுத்த வாரம் போனேன். மருந்து ஏற்றிக்கொண்ட பிறகு, என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பூக்கடைக்கு நடந்தேன். சொன்னபடியே வாழையிலையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார் அந்தப் பெண். அதற்கப்புறம் ஒருமுறைகூட நான் தவறவில்லை, அவரும் தவறவில்லை.

இப்போது காது மறைக்கும் அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது, முன்பு இல்லாத சுருட்டையோடு. பூ விலைக்கு மறுபடியும் மல்லுக்கு நிற்கிறேன். அந்த ஊசியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார், என் கைப்பையிலேயே கிடக்கிறது. என்னைப் பிழைக்க வைத்தது மருந்துதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மருந்துக்கு நான் மறுபடி கையை நீட்டியது, எனக்காக ஒருத்தி பூ எடுத்து வைத்துக் காத்திருக்கிறாளே என்பதற்காகத்தான்.