மழையில்லாத நாளில் ஓடிய தண்ணீர்

மழை பெய்யாத நாளில் மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் ஓடினால் அது யாரோ ஒருவருடைய தண்ணீர். அந்த யாரோ ஒருவரைத் தேடிப் போய், அவர் வாசலில் நின்று, அவரிடமே திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில்.

மீட்டர் பார்க்கிறவர்கள், கணக்கெடுக்கப் போகிறவர்கள், கொசு மருந்து அடிக்கிறவர்கள் என்று ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் நின்று கால் கடுத்தவர்கள் எல்லாரும் எனக்கு உறவு. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வீட்டில் கடிகாரத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் போன பிறகு, வைட்ஃபீல்ட் பக்கத்தில் ஓர் ஏரியைக் கவனித்துக்கொள்ளும் குழுவில் சேர்ந்தேன். வெயில் காலத்தில், கால்வாய்கள் ஏரியில் வந்து விழும் இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் நல்லது. ஈரம் இருந்தால், பாதாளச் சாக்கடையில் விட வேண்டியதை ஒரு வீடோ ஓட்டலோ பட்டறையோ இதில் விடுகிறது என்று அர்த்தம்.

என்னோடு வருபவர் செல்வராஜ். தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகன், தினமும் ரயிலில் வந்து போகிறவர். குழுவின் ஆட்டோவை ஓட்டுவதும், கடப்பாரையால் கால்வாய் மூடியை நெம்பித் திறப்பதும் அவர். உள்ளே யாரும் இறங்குவதில்லை. மேலே நின்று பார்ப்பதும் மோப்பம் பிடிப்பதும் காது கொடுத்துக் கேட்பதும் நான். போன கோடையில் ஒரே ஒரு குழாய் எங்களைப் படுத்திய பாட்டை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெயர் சொல்லிக் கூப்பிடும் மீன்கள்

ஏரியின் கிழக்குக் கரையில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குழாய். காலையில் போனால் ஓட்டம் இருக்காது. அடியில் மட்டும் வெளுத்த பிசுக்கு, மேலே ஒரு புளித்த வாடை. அந்த வருடம் மீன் பிடிக்கும் குத்தகை ரஹீம் பாயுடையது. சிவாஜிநகரில் மீன் கடையில் கூலிக்கு நின்றவர், இருந்த டெம்போவை விற்று முதல்முறையாகக் குத்தகை எடுத்து, கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார். அவை நன்றாகவே வளர்ந்திருந்தன. ஆனால் அந்தக் குழாய்ப் பக்கம் மட்டும் தினமும் சில செத்து மிதந்தன.

அவருடைய பயம் அந்தச் சில மீன்களைப் பற்றியதல்ல. முதல் மழை வந்தால் கால்வாயில் தங்கிக் கிடக்கும் கசடு மொத்தமும் ஒரே வீச்சில் ஏரிக்கு வரும். அன்றைக்குத் தண்ணீரில் காற்றே இருக்காது, ஏரி முழுக்க மீன் செத்து மிதக்கும். அதற்குள் ஆளைக் கண்டுபிடித்து, கால்வாயையும் வழித்துவிட வேண்டும். கசடை வழிக்க மாநகராட்சி ஆட்கள் தயார்தான், ஆனால் மேலே ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டிருக்கும்வரை வழித்து என்ன பயன் என்று கேட்டார்கள். நியாயம்தான். கண்டுபிடித்துவிடுவேன் என்று பாயிடம் சொன்னேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"காத்தால வந்தா மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதும்மா. எம் பேரச் சொல்லிக் கூப்புடற மாதிரியே இருக்குது."

டெலிவரி

கால்வாய் சற்று மேலே போய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கம், இன்னொன்று பழைய கடைத்தெருவின் பக்கம். பிரியும் இடத்து மூடியைத் திறந்து பார்த்தால் எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் மூடி புதிதாகப் போட்ட தார் ரோட்டுக்கு அடியில் இருந்தது. செல்வராஜ் ரோட்டைக் கடப்பாரையால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் அதைக் கன்னடத்தில் தடுத்தார்.

ஆகவே குடியிருப்பின் கேட்டில் போய் நின்றோம். காவலாளி கிருஷ்ணகிரிக்காரர். எந்த ஃப்ளாட் என்றார். ஃப்ளாட் இல்லை, உங்கள் கழிவுநீரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். கையிலிருந்த போனில் தேடினார். விருந்தாளி, கேப், வேலைக்கார அம்மா, டெலிவரி என்று நான்கு கட்டங்கள் இருந்தன, நாங்கள் எதிலும் அடங்கவில்லை. வெகு நேரம் யோசித்து ஒன்றைத் தொட்டார். கேட் திறந்தது.

"டெலிவரின்னு போட்டுட்டேன் மேடம். ஆனா நீங்க எடுத்துட்டுப் போறதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

வெல்லம்

குடியிருப்பின் சங்கச் செயலாளர் ரேவதி. மல்லேஸ்வரத்தில் வளர்ந்த, அளந்து பேசும் பெண்மணி. தரைத்தளத்துக்குக் கீழே இருந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவரே அழைத்துப் போனார். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் நுண்ணுயிர்கள் பெரிய தொட்டிகளில் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. தெளிந்த தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது, ஒரு சொட்டுகூட வெளியே போவதில்லை என்றார்.

அங்கே வேலை செய்த இளைஞர் ஒரு வாளியில் வெல்லத்தைக் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். செல்வராஜ் அதிர்ந்து போனார். "பாயசமா வெக்கறீங்க?" என்று கேட்டார். பள்ளி விடுமுறை, பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விட்டன. கழிவு குறைந்துவிட்டதால் நுண்ணுயிர்கள் பட்டினி, விட்டால் செத்துவிடும் என்று விளக்கினார் அவர். வாளியைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு தகப்பனின் அலுப்போடு முடித்தார்:

"ஜனங்க திரும்பி வர்ற வரைக்கும் இதுங்களுக்கு நான்தான் சார் சாப்பாடு போடணும்."

வெளுத்த துணி

வாய் வார்த்தையை நம்புவது நம் தொழிலில் இல்லை. துணி வைத்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். சோப்புத் தூளில் துணியைப் பளிச்சென்று காட்ட ஒரு பொருள் சேர்ப்பார்கள். வெளுக்காத காடாத் துணியைக் கம்பி வலைக்குள் வைத்து, தண்ணீர் ஓடும் இடத்தில் சில நாள் கட்டிவிட்டால் அது துணியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் துணி நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் வீடுகளின் தண்ணீர். துணி வாங்கி வெட்டி வைக்கும் பொறுப்பைச் செல்வராஜிடம் கொடுத்தேன்.

ஏரிக் குழாயில் கட்டிய துணி ஒளிர்ந்தது பாருங்கள், அப்படி ஓர் ஒளியை நான் என் ஆய்வகத்தில்கூடப் பார்த்ததில்லை. நேராக ரேவதியின் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் பிடித்து, இது உங்கள் வீட்டுச் சோப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ரேவதி பதறவில்லை. தண்ணீரே படாத துணி ஒன்று இருந்தால் காட்டுங்களேன் என்றார். செல்வராஜின் பையிலிருந்து ஒன்றை எடுத்து விளக்கின் கீழ் நீட்டினேன். அது முதல் துணியைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்தது. செல்வராஜ் மெல்ல வாய் திறந்தார். "கடையில குடுத்தது மஞ்சளா, அழுக்கா இருந்துச்சு மேடம். நீங்க கையில தொடற துணியாச்சேன்னு வீட்ல குடுத்து நல்லாத் தொவச்சு, நீலம் போட்டு எடுத்துட்டு வந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். ரேவதி தலையசைத்து ஏற்றுக்கொண்டு, செல்வராஜின் பக்கம் திரும்பினார்:

"உங்க வீட்ல என்ன பவுடர் போடறாங்க?"

காது

அடுத்த துணியை நானே வாங்கி, நானே வெட்டி, செல்வராஜின் கண்ணில் படாமல் வைத்திருந்து கட்டினேன். ஒளிரவில்லை. துணி துணியாகவே இருந்தது. சோப்பு இல்லை, அப்படியானால் வீடுகள் இல்லை. இதற்குள் மேற்கே மதியத்துக்கு மேல் மேகம் கூடத் தொடங்கியிருந்தது. ரஹீம் பாய் எங்களை ஒன்றும் கேட்பதில்லை, வானத்தைத்தான் பார்ப்பார். அது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைத்தெருப் பக்கம் நடந்தோம், இந்த முறை சாப்பாட்டு நேரம் கழிந்து, உச்சி வெயிலில். ஒரு மூடியைச் செல்வராஜ் ஓரமாகத் தூக்கிப் பிடிக்க, நான் முழங்காலிட்டுக் காதைக் கொடுத்தேன். குழாயில் திறந்துவிட்ட தண்ணீர் இழுத்துக்கொண்டே போகும், அதற்கு நிறுத்தம் கிடையாது. இது கொட்டியது, நின்றது. கொட்டியது, நின்றது. நடுவில் கனமான ஏதோ ஒன்று தரையில் உரசியது. சீர் பிரித்துவிடலாம் போல அவ்வளவு ஒழுங்கு. யாரோ பக்கத்திலேயே நிரம்பிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். உணவு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் பைக்கை நிறுத்தி, மிகுந்த அக்கறையோடு குனிந்தான்:

"மொபைல் உள்ள விழுந்துருச்சா ஆன்ட்டி? நம்பர் சொல்லுங்க, ரிங் குடுத்துப் பாக்கறேன்."

கழுநீர்

சந்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே கிரைண்டர்கள், இடுப்புயர டிரம்கள், தலையில் துணி கட்டிய ஐந்தாறு பெண்கள். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த சரளா நடத்தும் இட்லி மாவுக் கூடம். சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக்கு மாவு இங்கிருந்துதான், ரஹீம் பாய் வீட்டுக்கும் சேர்த்து. காலையில் ஊறப் போட்ட அரிசியையும் உளுந்தையும் மதியம் கழுவி, வெள்ளைத் தண்ணீரை முற்றத்து வாய்க்காலில் கவிழ்க்கிறார்கள். அது எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சரளா ஒளிக்கவில்லை. டிரம்மின் அடிவரை பெருமையோடு காட்டினாள்.

"கழுநீர்தானேம்மா. மாடு குடிக்கறது. மீனுக்கு நான் சோறு போட்டிருக்கேன்னு வெச்சுக்கோங்க" என்றாள்.

மறுநாள் இரண்டு சீசாக்களோடு போனேன். ஒன்றில் வெறும் ஏரித் தண்ணீர், இன்னொன்றில் அவளுடைய கழுநீர் கலந்து ஒரு நாள் வைத்த ஏரித் தண்ணீர். இரண்டிலும் மருந்து சொட்டினேன். காற்று கரைந்திருந்தால் பழுப்பாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். முதலாவது பழுப்பானது. இரண்டாவது பால் மாதிரி நின்றது. சரளாவுக்குத் திருப்தி. "என்னுதுதான் சுத்தமா வெள்ளையா இருக்கு பாருங்க." வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளிடம் தோற்றிருக்கிறேன். சீசாவை ஓரமாக வைத்துவிட்டு, மாவை இறுக்கி மூடி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவளோடு இருந்த பெண்கள் சிரித்தார்கள். போன வாரம்தான் ஒரு டிரம் மூடியைத் தூக்கி எறிந்ததாம்.

"அந்த மாவுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம உயிர் இருக்கு, சரளா. மாவைத் தின்னு அதுதான் பொங்குது. ஏரிக்குப் போற கழுநீரையும் அந்த மாதிரி உயிருங்கதான் தின்னுது. தின்னும்போது தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் இழுத்துக்கும். மீனுக்கு மிச்சம் இருக்காது."

அவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப இத்தனை நாளா நான் ஏரியையே புளிக்கப் போட்டிருக்கேன்."

மறுபடியும் கேட்டில்

கூடத்தை மூடச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று குழுவில் ஒருவர் சொன்னார். அந்தப் பெண்களை நேரில் பார்த்துவிட்ட பிறகு அப்படி அறிக்கை எழுத எனக்குக் கை வரவில்லை. பாதாளச் சாக்கடை இணைப்புக்குச் சரளா மனு போட்டாள். ஆனால் அது வரும்வரை மேகம் காத்திருக்காது. கழுவிய தண்ணீர் பக்கத்துப் பால்காரரின் மாடுகளுக்கு என்று ஏற்பாடாயிற்று. ஊறிய தண்ணீரை என்ன செய்வது என்று ஆட்டோவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, செல்வராஜ் திரும்பிப் பார்க்காமலே "வெல்லம்" என்றார். எனக்கும் அதே நொடியில் அதேதான் தோன்றியிருந்தது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ரேவதியிடம் போனேன். பட்டினி கிடக்கும் உங்கள் தொட்டிக்கு மாவுச்சத்துள்ள தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "சோப்பு இல்லையே?" என்றார், முகம் மாறாமல். வெல்லம் கரைக்கும் இளைஞர் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்துச் சரி சொன்னார், சங்கமும் ஒப்புக்கொண்டது. மாவு கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் சரளாவின் டெம்போ, மதியம் டிரம்களோடு குடியிருப்புக்குப் போகத் தொடங்கியது. முதல் நாள் நானும் கூடப் போனேன். கிருஷ்ணகிரிக்காரர் போனை எடுத்தார், இந்த முறை யோசிக்கவில்லை.

"டெலிவரி. இப்பதான் மேடம் சரியா இருக்கு."

கேட்காத சத்தம்

ஊற்றுவது நின்றது தெரிந்ததும் மாநகராட்சி ஆட்கள் இயந்திரத்தோடு வந்து கால்வாயை வழித்தார்கள். வழித்து முடித்து அதிக நாள் ஆகவில்லை, ஒரு சாயங்காலம் இடியோடு முதல் மழை பெய்தது. மறுநாள் விடிந்ததும் ஏரிக்குப் போனேன். குழாயில் மழைத்தண்ணீர் வடிந்து முடிந்திருந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. என் வயதில் மௌனம் தானாகவே வீடு தேடி வருகிறது. நானாகத் தேடிப் போய்க் கண்டுபிடித்தது இந்த ஒரு மௌனத்தைத்தான்.

ரஹீம் பாய் கரையில் குந்தியிருந்தார். வலையை இன்னும் விரிக்கவில்லை, மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மேலே ஒரு மீன்கூட இல்லை. எல்லாம் ஆழத்தில், அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. செல்வராஜ் சும்மா இருக்கமாட்டாமல், என்ன பாய், மீனெல்லாம் எங்கே என்று கேட்டார். பாய் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"இன்னிக்கு ஒண்ணுகூட என்னைக் கூப்புடல."

ஒரு குழாய் வாய் மூடி இருப்பதற்காக ஊர் வாயிலெல்லாம் விழுந்து எழுகிறவர்கள் நாம், அவ்வளவுதான்.