முதல் வரியில் என்ன பிழை?

எங்கள் பக்கத்து வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு அட்டவணை போடும் மென்பொருள் ஒன்றை எழுதியிருந்தேன். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற நிபந்தனைகளை ஒரு கோப்பில் வரிவரியாகக் கொடுத்தால் அது படித்துக்கொள்ளும். வயல்களின் தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானையார் கோப்பைத் தானே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். பின்னேரம் விவசாயிகள் கூட்டம். அதற்குள் அட்டவணை வேண்டும்.

மென்பொருள் படிக்க மறுத்தது. முதல் வரி, முதல் எழுத்து பிழை என்றது. முதல் வரியைப் பார்த்தேன். குறை சொல்ல எதுவுமில்லை. ஆகவே படித்தவன் செய்வதைச் செய்தேன்: மற்ற எல்லா வரிகளையும் திருத்தினேன். பிழை அசையவில்லை. கணினியை அணைத்துப் போட்டும் பார்த்தேன். குழப்பம் மட்டும் புதிதாகத் தொடங்கியது.

கடைசியில் விதானையாரையே அழைத்தேன்.

"முதல் வரியில என்ன எழுதினீங்க?"

"ஒண்டும் எழுதல்ல மனே. பிள்ளையார் சுழி மட்டும்தான் போட்டன்."

மறுபடி பார்த்தேன். உச்சியில் 'உ' குந்தியிருந்தது. கலியாணக் கடிதம் முதல் கடைச்சிட்டை வரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஓர் எழுத்தாகவே தெரியவில்லை.

"அத அழிக்கட்டா?"

"அழிச்சா நான் கூட்டத்துக்கு வரமாட்டன்!"

விதானையார் வராவிட்டால் அட்டவணையை யார் ஏற்பார்கள்? சுழிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டேன். அந்தக் குறியில் தொடங்கும் வரியைக் கணினி படிக்காமல் தாண்டிவிடும். அட்டவணை வந்தது.

"இப்ப பிள்ளையார் இருக்காரா?" என்றார்.

"ஓம், இருக்கார். கணினிதான் அவரப் பாக்காது."

"பாக்காட்டி, பிறகு எப்பிடி மனே கணக்குச் சரிவந்த?"