நாடாவில் இழுத்த மூச்சு

எழுபது வயதைத் தாண்டியதும் என் சிறுநீரகம் கெட்டது. துணைக்கு மூச்சையும் கெடுத்தது. வரதராஜர் கோயிலின் இருபத்து நான்கு படிகளை உட்காராமல் ஏறுவது என்று தீர்மானித்திருந்தேன். ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். மூச்சுத் தசைகள் பலப்பட மெல்லிய குழாயில் பயிற்சி செய்யச் சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஊரிலுள்ள புத்தகமெல்லாம் படித்தவன் அந்தச் சீட்டை மட்டும் படிக்காமல், ஒரு மாதம் நாதஸ்வரக்காரர் போல ஊதித் தள்ளினேன்.

தறியில் இருந்த மனைவி கேட்டாள்: "டாக்டரு ஊதச் சொன்னாரா, இழுக்கச் சொன்னாரா?"

சீட்டைப் பார்த்தேன். "இழுக்கத்தான்."

"அப்ப இன்னாத்துக்கு ஊதிக்கினு கீறீங்க? இந்தாங்க."

ஊடு நூலைச் சுமந்துகொண்டு தறியில் குறுக்கே ஓடும் மரக்கட்டையான நாடாவை நீட்டினாள். அதன் துளையில் வாய் வைத்து உறிஞ்சித்தான் உள்ளேயிருக்கும் பட்டு நூலை வெளியே எடுப்பார்கள். அவளுக்கு அது ஒரு இழுப்பு. எனக்கு நூல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

அன்று முதல் அவளுடைய நாடாக்களையெல்லாம் முதலில் நான்தான் இழுத்துப் பார்த்தேன். பத்தாம் நாள் நூல் நாக்கில் பட்டது.

ஆவணியில் கோயிலுக்குப் போனோம். பதினேழாவது படியில் கால் மடங்கியது.

"உட்காராதீங்க. நூலு இன்னும் வரல, இழுங்க."

நின்றபடியே இழுத்தேன். மீதி ஏழு படிகளுக்கு நெடுநேரம் ஆனது. ஆனால் உட்காரவில்லை.