ஒரகடம் கூட்டுரோட்டில் அருள்பாண்டியின் படம்

இசைவாணிக்குக் கல்லூரியில் ஒரு நீலக் கோட்டு கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்துவிடும். ஆனாலும் அவள் கழற்ற மாட்டாள். கோட்டில் குத்தியிருந்த வில்லையில் 'ஸ்டூடண்ட் அம்பாசடர்' என்று எழுதியிருந்தது. தண்டலத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நின்ற அந்தப் பொறியியல் கல்லூரியில் அந்த வில்லை வெகு சிலருக்குத்தான் கிடைத்தது.

அவள் பிள்ளைப்பாக்கத்துப் பெண். அப்பா நாகப்பன் குடோன் ஒன்றில் லோடு இறக்கினார். அம்மா சந்திரம்மாள் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவினாள். இருவருக்கும் நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வரும்போது அம்மாவின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும், எழும்ப நேரமாகும். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் இசைவாணி பி.இ. சேர்ந்ததன் முழுக் காரணம். அதற்கு மேல் பெரிய கனவு என்று எதுவும் அவளுக்கு இருந்ததில்லை.

2013-இல் அவள் மூன்றாம் ஆண்டில் இருந்தாள். பாடம் எடுத்துக்கொண்டே முன்னாள் மாணவர் தொடர்பையும் பார்த்துக்கொண்ட பலராமன் சார்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார். வேலை எளிது. படித்து முடித்துப் போனவர்களுக்குப் போன் செய்து, எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று கேட்டு, ஏப்ரல் மாத ஒன்றுகூடலுக்கு அழைக்க வேண்டும். பலராமன் சார் ஒரே ஒரு விதி சொன்னார்.

"கம்பெனி பேரை மட்டும் கேளும்மா. அங்க என்ன வேலைன்னு கேக்காத."

"ஏன் சார்?"

"கேட்டா சொல்லிடுவாங்க. அப்புறம் நாம எழுத வேண்டி வரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்தாள். நல்லா செய்தால் கடைசி வருஷத்தில் தனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி ஹெச்.ஆரிடம் அவள் பெயரைத் தானே சொல்வதாகவும் அவர் சொல்லியிருந்தார்.

போன் எடுத்தவர்களில் பாதிப் பேர் காலேஜ் பெயரைக் கேட்டதும் ராங் நம்பர் என்றார்கள். ஒருவன், "இன்னாம்மா, இன்னும் ஃபீஸ் பாக்கி கீதா?" என்று கேட்டான். இன்னொருவனுடைய தாய் எடுத்து, "அவன் நைட் ஷிப்டு முடிச்சி இப்பதாம்மா படுத்தான், எழுப்பாத" என்று வைத்துவிட்டாள். அதிலிருந்து இசைவாணி ஒன்று கற்றுக்கொண்டாள். எடுத்த எடுப்பில் கம்பெனியைக் கேட்கக் கூடாது. தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்க வேண்டும். உடம்பு சரியில்லாதவனிடம் பேச்சுக் கொடுக்கிற முறையும் இதுதான். ஆள் இளகிவிடுவான்.

அப்படி இளகியவன்தான் அருள்பாண்டி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இதே கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து 2011-இல் வெளியே வந்தவன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தான். படப்பையில் ஊர்க்காரப் பையன்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தான்.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"இல்லம்மா. எங்க ரூம்ல சமைக்க முறை வச்சிருக்கோம். இன்னைக்கு மாசானம் முறை. அதனால சாப்பிடல."

பின்னால் யாரோ, "ஏல, போன்ல பொம்பளப் பிள்ளைட்ட என் மானத்த வாங்குதியா?" என்று கத்துவது கேட்டது. இசைவாணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஒன்றுகூடலுக்கு வருவதாக அருள்பாண்டி ஒப்புக்கொண்டான். பிரியாணி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

வந்தான். காலை ஷிப்ட் முடித்து நேராக வந்ததால் சாம்பல் நிற கம்பெனிச் சட்டையோடு வந்தான். மற்றவர்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள், தனித்தனியாகவும் எடுத்தார்கள். பந்தியில் இசைவாணி அவனுக்குத் தயிர் வெங்காயம் வைக்கும்போது அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தங்கச்சி, ஒரு விசயம். என் போட்டோவ மட்டும் வெளிய விட்டுராதீங்க. அங்கன நான் பிளஸ் டூ."

அவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. உற்பத்தி லைனில் நிற்கிற வேலைக்குப் பி.இ. படித்தவனை எடுக்க மாட்டார்கள். ஒன்று, வேறு வேலை கிடைத்தால் ஓடிவிடுவான். ஓடாவிட்டால் உரிமை, சட்டம் என்று பேசுவான். அதனால் பட்டம் வாங்கியவர்கள் பட்டத்தை ஊரில் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பிளஸ் டூ மார்க் ஷீட்டை நீட்டிக் கான்ட்ராக்டில் சேர்ந்துகொள்வார்கள். நடுவில் நாலு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டால், வீட்டில் விவசாயம் பார்த்தேன் என்பார்கள்.

"ஜூன் மாசம் பெர்மனென்ட் போடுதாங்க. சூப்பர்வைசர் என் பேரு இருக்குன்னு சொல்லிட்டாரு. அதுக்குப் பொறவு என்னத்தையும் பண்ணுங்க. அதுவரைக்கும் மூச்சு விடப்பிடாது."

"சத்தியமா விடமாட்டேன்ணா" என்றாள் இசைவாணி.

மே மாதம் அட்மிஷன் ஆரம்பித்தது. பலராமன் சார் அவளைக் கூப்பிட்டு மேசையில் படங்களைப் பரப்பினார். கல்லூரியில் படித்தால் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே வேலை என்று பேனர் அடிக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டைக்காரர்களைப் போட்டால் கல்யாண வீட்டுப் படம் மாதிரி இருக்கிறது என்றார். கம்பெனிச் சட்டையில் இருந்தவன் ஒருவன்தான்.

"இந்தப் பையன் முகத்துல ஒரு களை இருக்கு பாரு. இவனைப் போடலாம்."

"அந்த அண்ணா வெளிய போட வேணாம்னு சொன்னாங்க சார்."

"ஏன், கேஸ் கீஸ் ஏதாவது இருக்கா?"

அவள் காரணத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்கம்மா வெளிய? நம்ம காலேஜ் கேட்லதானே வைக்கப் போறோம். ஒரகடத்துக்காரன் எவன் இங்க வந்து பாக்கப் போறான்?" என்றார். "உன் நம்பரையும் கீழ போடறேன். விவரங்களுக்கு இசைவாணின்னு. உனக்கும் ஒரு பேரு ஆகும்ல."

மறுத்திருக்கலாம். ஹெச்.ஆரிடம் தன் பெயரைச் சொல்லப் போகிறவர் அவர் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. மற்றது மறந்துபோனது. சரி சார் என்றாள்.

பேனர் கேட்டில் ஏறியது. அருள்பாண்டியின் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. பெயரும், பக்கத்தில் பி.இ.யும், கம்பெனி பெயரும் சிவப்பு எழுத்தில். போன் வர ஆரம்பித்தது. பெற்றோர்கள் ஹாஸ்டல் உண்டா, பஸ் உண்டா, வேலை நிச்சயமா என்று கேட்டார்கள். எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் பழகிவிட்டது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒருவர், "ஒரகடம் கூட்டுரோட்டுல போர்டு பாத்தேம்மா" என்றார். கம்பெனி பஸ்கள் எல்லாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்குவது அந்தக் கூட்டுரோட்டில்தான்.

ஓடிப்போய்ப் பலராமன் சாரிடம் கேட்டாள்.

"சேர்மன் பத்து இடத்துல வைக்கச் சொல்லிட்டாரும்மா. நான் என்ன பண்றது?"

"அது ஒண்ணை மட்டும் எடுத்துடலாம் சார். அவங்க வேலை போயிடும்."

"அட்மிஷன் முடியட்டும். ஷிப்டுக்கு ஓடறவன் பேனரைப் படிச்சிக்கினா நிப்பான்? நீ ஏன் பயப்படற?"

அருள்பாண்டிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் அவனே நண்பர்களோடு போய் அதைக் கிழித்திருப்பான். அவள் சொல்லவில்லை. திட்டுவானே என்ற கூச்சம். கூச்சம் மனிதரை எவ்வளவு கெடுக்கும் என்பது அந்த வயதில் தெரிவதில்லை. ஒரு நாள் போனது. அடுத்த நாளும் போனது.

அதற்கு மறுநாள் மத்தியானம் ஒரு போன் வந்தது. மரியாதையான குரல்.

"உங்க போர்டு பாத்தேம்மா. இந்த அருள்பாண்டிங்கிறவர் நிஜமாவே உங்க காலேஜா? இல்ல, சும்மா யாரோ படத்தைப் போட்டிருக்கீங்களா?"

காலையிலிருந்து இதே கேள்வியை நாலைந்து அப்பாக்கள் கேட்டிருந்தார்கள். தனியார் கல்லூரி என்றால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. இவரும் ஒரு அப்பா என்று நினைத்தாள்.

"எங்க ஸ்டூடண்ட்தான் சார். மெக்கானிக்கல், 2011 பேட்ச். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"அரியர் ஏதும் இல்லாம?"

"ஒண்ணுகூட இல்ல சார். நீங்க தைரியமா சேர்க்கலாம். பையனா, பொண்ணா சார்?"

"தேங்க்ஸ்மா" என்று அந்தக் குரல் வைத்துவிட்டது.

சாயங்காலம் மாசானம் கூப்பிட்டான்.

"அம்பாசடர் மேடமா? போர்டுல நம்பர் பாத்தேன். எனக்கும் ஒரு வெளம்பரம் போடுவியளா? எனக்கும் வேல போகணும்."

"யார் பேசறது?"

"சமைக்கத் தெரியாதவன். ஹெச்.ஆர். ஒங்கிட்ட பேசும்போது ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசியிருக்கான். எதுத்தாப்புல அருளு நின்னுருக்கான். அரியர் இல்லன்னு எவ்வளவு பெருமையா சொன்ன தாயி."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா பார்த்து, "இன்னாடி, மூஞ்சி வெளுத்துக் கீது?" என்று கேட்டாள். சொன்னாள். சந்திரம்மாள் ஆறுதல் சொல்கிற ரகம் அல்ல. "காலையில போய் அந்தப் புள்ள கைய கால புடி. இங்க குந்திக்கினு அழுதா அவனுக்கு வேல வந்துடுமா?" என்றாள்.

போனாள். படப்பையில் அருள்பாண்டியின் அறை வாசலில் ஏழெட்டு ஜோடி பாதுகாப்புக் காலணிகள் கிடந்தன. அவன் குளித்து, சட்டை மாற்றி, கிளம்பி நின்றான். அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

"நான் வந்து பேசறேண்ணா. தப்பா சொல்லிட்டேன்னு சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவிய?"

"அது வேற அருள்பாண்டின்னு."

மாசானம் உள்ளேயிருந்து சிரித்தான். அருள்பாண்டி சிரிக்கவில்லை. மூழ்குகிறவன் எதையாவது பிடிப்பான். "வாங்க" என்றான்.

ஹெச்.ஆர். அறையில் ஏ.சி. போட்டிருந்தது. இருவரையும் உட்காரச் சொன்னார், டீயும் வரவழைத்தார். கெட்டவர் இல்லை. இசைவாணி தான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"பேரு வேற அருள்பாண்டியோடது. சரி. படமும் வேற அருள்பாண்டியோடதாம்மா?"

அவள் டீ கிளாஸைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தாள்.

"நேத்து சொன்னது நிஜமா, இன்னைக்குச் சொல்றது நிஜமா? ரெண்டுல எதையாவது ஒண்ணைத்தானே உங்க காலேஜ் சார்பா நான் எடுத்துக்க முடியும்." பிறகு அருள்பாண்டியைப் பார்த்துச் சொன்னார், "பி.இ. படிச்சது தப்பில்லப்பா. மறைச்சியே, அதுதான் தப்பு."

"காட்டியிருந்தா எடுத்திருப்பியளா சார்?"

அவர் டீயை ஒரு மிடறு குடித்தார். "எடுத்திருக்க மாட்டோம்" என்றார்.

அருள்பாண்டி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். கயிறைச் சுருட்டி அதன் மேல் வைத்தான். டீயைத் தொடவில்லை.

கூட்டுரோட்டுக்கு நடந்து வந்தார்கள். பேனர் அங்கே இருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. படப்பைக்கு ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே இரண்டு பேருக்கு இடம் இருந்தது. இசைவாணியும் ஏறப் போனாள்.

"நீங்க அடுத்த ஆட்டோல வாங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இடத்துக்குக் குறுக்கே பையை வைத்துக்கொண்டான். ஆட்டோ கிளம்பியது. அன்று ராத்திரியே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டதாகப் பிறகு மாசானம் சொன்னான். அதற்குப் பின் அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் எடுக்கவில்லை.

மறுநாள் இசைவாணி கல்லூரிக்குப் போய் நடந்ததைப் பலராமன் சாரிடம் சொன்னாள். அவர் உண்மையிலேயே பதறிப்போனார். எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப அவன் அந்தக் கம்பெனியில இல்லையா இப்ப?"

"இல்ல சார்."

"ஐயையோ. வேலையில இல்லாதவனைப் போட்டிருக்கோம்னு எவனாவது கேஸ் போட்டா என்ன ஆறது?"

அன்று சாயங்காலத்துக்குள் பத்து இடத்திலும் பேனர் இறங்கிவிட்டது. அவள் கேட்டும் நடக்காத காரியம், வண்டி வைத்து, ஆள் வைத்து, அரை நாளில் நடந்தது. இரவு பிள்ளைப்பாக்கத்துக்குப் போகும் வழியில் அவள் பார்த்தாள். சவுக்குக் கம்புகள் மட்டும் நின்றன.

பலராமன் சார் அடுத்த நாள் காலையில் அவளைக் கூப்பிட்டார். கம்பெனிச் சட்டையோடு இன்னொரு ஆள் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார். "இந்தத் தடவை கேட்டுக்கோ, சர்ட்டிபிகேட் ஏதாவது மறைச்சிருக்கானான்னு. நமக்கு எதுக்கு வம்பு?"

இசைவாணி நீலக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். விட்டுவிடப் போகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், முகம் மாறியது. அவள் விடவில்லை. கடைசி வருஷம் பாக்கி இருந்தது, அம்மாவின் கால் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அடுத்த எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். சாப்பிட்டீங்களா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. காலேஜ் பெயரைச் சொன்னாள். ராங் நம்பர் என்றான். நல்லது என்று சொல்லி வைத்தாள்.