லிங்கசாமி சிரித்தது

சிரித்தான், ஆமாம், சிரித்தான்தான். நான் இல்லையென்றா சொன்னேன்? பெண்டாட்டியை மின்மயானத்தில் வைத்துவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கருமாதி இன்னும் நடக்கவில்லை. அதற்குள் காமெடிப் படம் போட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்தான். அதை வைத்துக்கொண்டு எங்கள் காம்பவுண்டு ரங்காத்தாள் கட்டுகிற கதை இருக்கிறதே, அதற்குத்தான் நான் சண்டைக்குப் போகிறேன்.

நேற்றும் நடந்தது. காம்பவுண்டு வாசலில் நாலு பேர் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தோம். லிங்கசாமி வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது, இவள் வாய் இன்னும் ஓயவில்லை.

"சோமனூர்ல ஒருத்திய வெச்சிருந்திருக்கறானுங்க. இவ எப்பச் சாவான்னு காத்துட்டு இருந்து, இப்ப அங்க போயிட்டான். இல்லாட்டி அப்படியொரு சிரிப்பு வருமா?"

"நீ பாத்தயா?" என்றேன்.

"நான் எதுக்குப் பாக்கோணும்? ஊரே சொல்லுது."

"ஊருன்னா யாரு? நீதான?"

கத்தரியை வீசிவிட்டு எழுந்து போனாள். போகட்டும். அவன் எப்பேர்ப்பட்டவன் என்று நான் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள் கண்ணு, அப்புறம் ஊர் பேசட்டும்.

மங்கலம் ரோட்டில் ஒரு தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டியவன். மீசை முளைத்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்ததில் பாதிக் காது போய்விட்டது. அதனால் பேச்செல்லாம் கத்தல்தான். "ஏனுங்கம்மா, சாப்டாச்சுங்களா?" என்று அவன் என்னைக் கேட்டால், புதிதாகக் குடிவந்தவர்கள் என்னவோ அடிதடி என்று கதவைத் திறந்து பார்ப்பார்கள். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். நூல் முனை எங்கே தொங்கினாலும் விரல் சும்மா இருக்காது. கொடியில் காய்கிற துண்டின் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசினான் என்றால், துண்டின் ஓரம் முழுக்க முடிச்சாக இருக்கும். யார் துண்டு என்றெல்லாம் பார்க்க மாட்டான்.

அவன் பெண்டாட்டி பழனாயிக்கு முழுக்கவே காது கேட்காது. அதுவும் தறி கொடுத்த வரம்தான். ஒரே குடோனில் எதிரெதிர்த் தறி ஓட்டியவர்கள் இருவரும். அங்கே வாயைத் திறந்து பிரயோசனம் இல்லை. இழை அறுந்தால் ஒரு கையசைப்பு, டீ வந்தால் ஒன்று, ஓனர் வந்தால் ஒன்று. அந்தக் கைப்பேச்சு அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. சண்டைகூடச் சத்தமில்லாமல்தான் நடக்கும். பாத்திரம் விழுந்தால்தான் நமக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு இருவரும் டிவி முன்னால் உட்காருவார்கள். அவிநாசியில் கட்டிக்கொடுத்த மகள் கீர்த்தனா ஒரு பென்டிரைவில் படங்கள் போட்டுக் கொடுத்திருந்தாள். எல்லாம் ஒரே டைரக்டர் ஆரம்பத்தில் எடுத்தவை. அந்த மனுசன் பெயர் லிங்கசாமிக்குத் தெரியாது. 'நம்ம ஆளு' என்பான். "நம்ம ஆளு பட்டினி கெடந்தப்ப எடுத்த படமுங்க இதெல்லாம்" என்பான், என்னவோ கூட இருந்து பார்த்தவன் மாதிரி.

ஒரு படத்தில், வேலையில்லாத ஒருத்தன் பசி தாங்காமல் முன்பின் தெரியாத கல்யாணத்துக்குள் நுழைவான். பந்தியில் உட்காரப் போகிற நேரம் பார்த்து, பரிமாறுகிற ஆள் "சித்த புடிங்க" என்று சாம்பார் வாளியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வாளியைக் கீழே வைக்க முடியாது. ஒரு பந்தி, இரண்டு பந்தி, சம்பந்தி பந்தி. எல்லோரும் "இங்க ஊத்துங்க, அங்க ஊத்துங்க" என்பார்கள். கடைசியில் இலையெல்லாம் எடுத்தபிறகு, காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் கட்டத்தில் பேச்சென்று பார்த்தால் இவ்வளவுதான்.

லிங்கசாமி டிவியைப் பார்த்து முதலில் தான் சிரிப்பான். அப்புறம் பழனாயி பக்கம் திரும்பி, கையால் எடுத்துச் சொல்வான். அவள் கண்ணால் பார்த்ததுதான், இருந்தாலும் அவன் சொன்னால்தான் அவளுக்குச் சிரிப்பு வரும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தாமதமாகச் சிரிப்பாள். அவள் சிரித்து முடிக்கும்வரை அவன் அடுத்ததைப் பார்க்க மாட்டான். வாளிக் கட்டம் ஓடிய நாளில், ராத்திரி அவன் தட்டில் சோறு ஒரு கரண்டி அதிகமாக விழும். எத்தனை வருசமாகப் பார்க்கிறீர்கள், சலிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறேன். "பசி சலிக்குதுங்களாம்மா?" என்றான்.

அதே டைரக்டரின் புதுப் படம் வந்தபோது பழனாயியைத் திருப்பூருக்குத் தியேட்டருக்குக் கூட்டிப்போனான். இடைவேளையிலேயே திரும்பி வந்துவிட்டார்கள். ஒருத்தனை ஒருத்தன் கேவலமாகப் பேசுவதுதான் படம் முழுக்கச் சிரிப்பாம். கன்னத்தில் அறைவதும் உருவத்தைச் சொல்லித் திட்டுவதும். அவள் கையால் 'என்ன, என்ன' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இவன் என்னத்தைச் சொல்வான்? "நம்ம ஆளு நெம்பப் பெரிய ஆளாயிட்டாருங்க. அதான் எல்லாரும் பேசிட்டே இருக்கறாங்க" என்றான். குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னான். காது கேட்காதவளும் சிரிக்கிற மாதிரிப் படம் எடுத்த கைதானே அது. எனக்கும் எழுத்து வாசனை கிடையாது, அந்தப் பழைய படங்கள் எனக்கும் புரியும். எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பழனாயி போனது திடீரென்றுதான். நெஞ்சு வலி என்று கையால் காட்டினாள், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சிரிப்பு. காம்பவுண்டே வெளியே வந்து நின்றது. உள்ளே போய்ப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இதை விடாமல் எழுதிக்கொள் கண்ணு. அவன் வாளிக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் திரும்பினான். கையால் சொன்னான். காத்திருந்தான். காத்திருந்து பார்த்துவிட்டு, படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். மறுபடி சிரித்தான், மறுபடி சொன்னான், மறுபடி காத்திருந்தான். நான் வந்ததையே அவன் பார்க்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

யார் போன் போட்டார்களோ, மறுநாளே கீர்த்தனா வந்துவிட்டாள். மெல்லப் பேசினால் அவனுக்குக் கேட்காது. பாவம், அவளும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஏனுங்கப்பா, ஊரே காறித் துப்புதுங்க! அம்மா போயி நாலு நாள் ஆகல, உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

அவனும் கத்தித்தான் சொன்னான். "வருது கண்ணு. என்ன பண்ணட்டும்? அதே எடத்துல வந்துருது."

"எங்க ஊட்டுல நான் தலை காட்ட வேண்டாங்களா? மாமியா கேக்கறாங்க, உங்கொப்பனுக்குப் புத்தி பெசகிருச்சான்னு."

 அவள் அழுதுகொண்டே டிவியைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோ குலுங்கினால் விழுந்துவிடும் என்று, கயிறு கொண்டுவந்து வளைத்துக் கட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

அப்புறம் அந்த வீட்டில் சத்தம் இல்லை. காம்பவுண்டுக்கு நிம்மதி. கருமாதி முடிந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ சேனலில் அதே படம் வந்தது. கையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் வீட்டில் உட்காரவைத்தேன். கடைசி வீட்டில் குடியிருக்கிற ஒடிசாக்காரப் பெண்ணும் வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள். தமிழில் சாப்பாடு, சம்பளம் தவிர ஒரு வார்த்தை தெரியாது.

வாளி வந்தது. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். லிங்கசாமி டிவியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை மடியிலேயே கிடந்தது.

"பாஷை தெரியாத புள்ளையும் சிரிக்குதுங்கம்மா" என்றான்.

"நீயும் சிரியப்பா. எவ என்ன சொல்றான்னு நான் பாக்கறன்."

"சிரிக்கலாம்னுதான் வந்தனுங்க. இப்ப வர மாட்டீங்குது." எழுந்து போய்விட்டான். அன்று ராத்திரி சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்தான், தின்றானா தெரியாது.

மறுநாள் விடிகாலை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கதவைச் சாத்தினான், பூட்டவில்லை. "எங்கப்பா கெளம்பிட்ட?" என்று என் வாசலிலிருந்து கேட்டேன். கேட்டதோ கேட்கவில்லையோ, தலையை மட்டும் ஆட்டினான். குழாயடியில் ரங்காத்தாள் ஒருத்திதான் நின்றாள். குடம் நிரம்பிவிட்டது, தூக்கிவிட ஆள் இல்லை. அவனைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். லிங்கசாமி நின்றான். பையைக் கீழே வைத்தான். குனிந்து குடத்தைத் தூக்கி, தண்ணீர் சிந்தாமல் அவள் இடுப்பில் வைத்து, அவள் கை நன்றாகப் பிடிக்கும்வரை தாங்கிக்கொண்டிருந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான்.