கம்பியும் ஆடுது சாமி

கீழ்வீட்டுச் சுமதி அழைத்தபோது நான் ஏற்காட்டில் வெள்ளக்கடை ஊருக்கு மேலே ஒரு செல்போன் கோபுரத்தில், பாதி உயரத்தில், இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கும்போது போனை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அது அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எரிச்சலோடு எடுத்து, "வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றேன்.

"ஏனுங்கண்ணா, அத்தை போயிட்டாங்க" என்றாள். "காலையில மூச்சு வாங்குச்சு. அப்படியே அடங்கிருச்சு."

"சரி" என்றேன். இறங்க ஆரம்பித்த பிறகுதான் பெல்ட்டின் கொக்கியை அடுத்த கம்பியில் மாட்ட முடியாமல் கை ஆடுவது தெரிந்தது. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடுபனியில் கீழே தரை தெரியவில்லை. உயரம் எனக்குப் பயமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தவன் நான். அன்று பயந்தேன்.

ஓவியர் பாவாயி அம்மாளைப் பற்றி எழுதித் தரும்படி வாசகர் வட்டத்தார் கேட்டார்கள். எனக்கு ஓவியம் தெரியாது. நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். அதே மலையில் கொட்டச்சேடு என்ற ஊரில் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவன். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அவரைத் துணிச்சலான பெண்மணி என்றார்கள். அவருடைய கடைசி வருடங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் பயந்தார். தினமும் பயந்தார். அந்தப் பயத்தோடு என்ன செய்தார் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் காப்பிப் பழம் பறித்தவர்கள். சென்னைக்குப் போய் ஓவியம் படித்தார். வார இதழ்களில் கதைகளுக்குப் படம் போட்டார், பிறகு பாடப்புத்தகங்களுக்கு. செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டி அம்புக்குறி போட்ட படத்தைப் பார்த்து நீங்கள் பள்ளியில் வரைந்திருந்தால், அது அவர் போட்டதாகவும் இருக்கலாம். திருமணம் செய்துகொள்ளவில்லை. வயதான பிறகு பிறந்த ஊருக்கே வந்து வீடு கட்டிக்கொண்டார். மாரமங்கலத்தில் இருக்கும் தம்பியின் மகள் சுமதி துணைக்கு இருந்தாள்.

நான் அறை பார்க்கப் போன அன்று அவர் கேட்ட முதல் கேள்வி வாடகையைப் பற்றியது அல்ல. "டவர்ல ஏறுவயா சாமி? பயமா இருக்காதா?"

"பெல்ட் இருக்குதுங்க. பயப்பட என்ன இருக்குது?"

"பெல்ட்டு உடம்பத்தான புடிக்கும்" என்றார்.

அவர் வேலை செய்வதைப் படியில் நின்று பார்த்திருக்கிறேன். எதை வரைந்தாலும் அசையாததைத்தான் முதலில் போடுவார். குருவி என்றால் அது உட்கார்ந்த கம்பி முதலில். பூ என்றால் தொட்டி முதலில். ஏன் என்று கேட்டேன். "நிக்கறத மொதல்ல போட்டுட்டா, அசையறது எங்க போயிரும்? அதுக்குள்ளதான கெடக்கும்" என்றார். இந்தப் பழக்கம் பின்னால் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் குடிவந்த இரண்டாம் வருடம் அவர் வரைவதை நிறுத்தினார். கேட்டால், கண் சரியில்லை என்பார், பென்சில் சரியில்லை என்பார். வலது கையை எப்போதும் சால்வைக்குள் வைத்திருப்பார். ஏற்காட்டில் சால்வை ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் சித்திரை மாத வெயிலிலும் அது இறங்கவில்லை. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "கை ஆடுதுங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

"மாடிக்குத்தான வாடகை குடுக்கற? எங்கைக்கும் சேத்தியா?" என்றார். அதன் பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

அந்த ஐப்பசி மழையில் பின் அறைக் கூரை ஒழுகியது. சுமதியும் நானும் அங்கிருந்த தகரப் பெட்டியை இழுத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். அடியில் எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. அது என்னவென்று அவருக்கே நினைவில்லை. பிரித்தார். பென்சில் ஓவியங்கள். எல்லாவற்றிலும் இரும்புக் கட்டிலில் ஒரே மனிதர்.

"இது யாரு போட்டது? நல்லாப் போட்டுருக்கறாங்களே" என்றார். ஓரத்தில் இருந்த கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். அவருடைய பெயர்தான்.

பிறகு மெதுவாகச் சொன்னார். பத்திரிகைகளுக்குப் போகும் முன்னால், படிப்பு முடித்த கையோடு, ஒரு மருத்துவக் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த நோயாளிகளைப் பார்த்து வரைந்து தருவது. இந்த மனிதர் ஒரு தையல்காரர். சில மாதங்களுக்கு ஒருமுறை வார்டுக்கு வருவார். வரும்போதெல்லாம் அவரை ஒரு தாள் வரைய வேண்டும், நோய் எப்படி ஏறுகிறது என்று காட்ட.

தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். முதல் தாளில் அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், ஊசியில் கோக்க நூல் முனையை உருட்டுவதுபோல் இருந்தன. அடுத்ததில் தோள் வளைந்திருந்தது. அதற்கடுத்ததில் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை, ஓடு மாதிரி. கடைசித் தாளில் கழுத்தில் எச்சில் துணி, இமைக்காத கண்கள்.

பாவாயி அம்மாள் சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து முதல் தாளின் பக்கத்தில் வைத்தார். அந்த விரல்கள் அதேபோல் நூலை உருட்டிக்கொண்டிருந்தன.

"மொதத் தாளத் தாண்டிட்டேன் சாமி" என்றார்.

சுமதிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கடைசித் தாளைத் திருப்பிப் போடலாம் என்று கையை நீட்டினேன். அவர் விடவில்லை.

தாள்கள் அங்கேயே கிடந்தன. அவற்றைச் சுற்றித்தான் நடந்தோம். சில நாள் கழித்து ஒரு காலையில் அவர் பூதக்கண்ணாடியோடு தரையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

"இங்க பாரு. கோடு ஆடுது. நான் போட்ட கோடு. அப்ப எனக்கு இருவத்திரண்டு வயசு. அப்பவே எங்கைக்குள்ள வந்து உக்காந்துருச்சு. அந்தாளுகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு."

"அது ஒட்டற நோய் இல்லைங்க."

"உனக்கு என்ன தெரியும்? அவரு கையப் புடிச்சு வெச்சுல்ல வரைஞ்சேன்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. தாள்களைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். அவர் சொன்னது உண்மை. முகத்தின் விளிம்பில் பென்சில் நடுங்கியிருந்தது. கோபுரத்தில் சிக்னல் சரியில்லை என்றால் நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பழுது எல்லாப் பக்கமும் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? அதையே இங்கும் பார்த்தேன்.

"கட்டில் கம்பியைப் பாருங்க. ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்குது. மருந்து பாட்டில் ஆடலை. தலையணை ஆடலை. மூஞ்சியும் கையும் மட்டுந்தான் ஆடுது. உங்க கையில கோளாறுன்னா எல்லாத்துலயும் ஆடணும். அவரைப் போடும்போது மட்டும் ஆடியிருக்குது. அப்ப நோய் இல்லைங்க."

அவர் பூதக்கண்ணாடியைக் கட்டில் கம்பியிலிருந்து முகத்துக்கு நகர்த்திப் பார்த்தார். பிறகு, "பயம்" என்றார். "கண்ணச் சிமிட்டாம என்னையவே பாப்பாரு. வெளிய போயி அழுதுட்டு வந்து மறுக்கா உக்காந்து போடுவேன். சுத்தமா மறந்துட்டேன். ஆஸ்பத்திரியில செத்தவங்களக்கூட நடுங்காமப் போட்டவள்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே."

அவர் சிரித்தார். சுமதியும் சிரித்தாள். நான் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் என்னைவிட வேகமாக யோசிப்பவர். சிரிப்பு பாதியில் நின்றது. "பேப்பர் கொண்டா கண்ணு" என்றார் சுமதியிடம். பல மாதங்களுக்குப் பிறகு பென்சிலை எடுத்து, எதிரே இருந்த ஜன்னலின் கம்பிகளை வரைய ஆரம்பித்தார். கம்பிகளை மட்டும், ஒவ்வொன்றாக. வரைந்து முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"கம்பியும் ஆடுது சாமி" என்றார்.

எல்லாவற்றிலும் ஆடினால் கையில் கோளாறு என்ற என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே சேலம் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மருத்துவர் நடுக்குவாதம் என்றார். நோய் வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும், முன்பே காட்டியிருக்கலாம் என்றார். மாத்திரை கொடுத்தார். திரும்பும் வழியில் பாவாயி அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடைசித் தாளு எப்ப வரும்னு அவரு சொல்லலையே?"

அதன் பிறகு வந்த மாதங்களை மென்மையாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. தொண்டையில் சிக்கும் என்று பயந்து, ஆசையாகச் சாப்பிடும் கேழ்வரகுக் களியை விட்டார். தூங்கினால் எழுந்திருக்கமாட்டோமோ என்று சுமதியின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தார். கூடத்துக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"நல்லாப் பாத்துச் சொல்லு. கண்ணச் சிமிட்டறனா?"

"இப்பக்கூடச் சிமிட்டினீங்க."

"பொய் சொல்றயா?"

"சொன்னா வாடகையைக் குறைப்பீங்களா?"

"ஏத்துவேன்" என்பார்.

ஒரு நாள் வந்து பார்த்தபோது கண்ணாடி நேராக இருந்தது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார், முதுகுக்குப் பின்னால் ஜன்னல். மடியில் பலகை. தாளின் மூலைகளை ஒட்டித்தரச் சொன்னார், ஒட்டினேன். வழக்கம்போல் நிற்பதை முதலில் போட்டார்: ஜன்னல் கம்பிகள். அவை ஆடின. அழிக்கவில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு வந்தார். கண்ணுக்கு வந்ததும் உடம்பே நடுங்கியது. அது நோயா பயமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு எந்த வழியும் இல்லை. பார்க்கச் சகிக்காமல் கேட்டேன்.

"பயமா இருக்குதுன்னு சொல்றீங்க. எதுக்குங்க இந்த வேலை?"

"பயமாத்தான் இருக்குது. அந்தத் தையக்காரர, இருவத்திரண்டு வயசுப் புள்ள, பயந்துக்கிட்டே கடைசித் தாளு வரைக்கும் போட்டுருச்சே. அதவுட நான் எதுல கொறஞ்சு போயிட்டேன்? தள்ளி உக்காரு, வெளிச்சத்த மறைக்கற."

முடித்த அன்று என்னையும் சுமதியையும் அழைத்துக் காட்டினார். "கண்ணுல பயம் வந்துருச்சு பாத்தீங்களா? அது ஒண்ணு நொம்பச் சரியா வந்துருக்குது" என்றார். தன் வேலையைப் பார்த்து அவர் திருப்தியாகப் பேசியதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு கை முழுதாக நின்றுபோனது. இந்த மழைக்காலத்தில் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலில் சளி கட்டியது. சேலத்தில் மருத்துவமனையில் வைத்திருந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்றார், கூட்டிவந்தோம். வந்த நான்காம் நாள், தொடக்கத்தில் சொன்ன அந்த அழைப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனரில் எந்தப் படம் போடுவது? தம்பி சின்னசாமி, பாஸ்புக்கில் இருக்கும் பழைய போட்டோவைப் போடலாம் என்றார். சுமதி, அத்தை வரைந்ததைப் போட வேண்டும் என்றாள்.

"அது பயந்துபோன மூஞ்சி. பஸ்ல போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான்" என்றார் அவர்.

"பாக்கட்டுங்கப்பா. அத்தை பாக்கறதுக்குத்தான போட்டாங்க."

சின்னசாமி என்னைப் பார்த்தார். நான் சுமதி பக்கம் என்றேன். ஓவியத்தைப் போனில் படம் பிடித்து ஏற்காட்டில் பேனர் அடிக்கும் கடைக்கு அனுப்பினேன். மதியம் வாங்கப் போனேன். விரித்துக் காட்டினார் கடைக்காரர். ஜன்னல் கம்பிகள் ஸ்கேல் வைத்தாற்போல் நேராக இருந்தன. கன்னத்தில் சதை ஏறியிருந்தது. கண்ணில் ஒரு பளபளப்பு. உதட்டோரம் லேசான சிரிப்பு.

"லைன் எல்லாம் ஆடிக்கிட்டு இருந்துச்சுங்க. நீங்க படம் எடுக்கும்போது கை ஷேக் ஆயிருச்சு போலன்னு நானே கிளீன் பண்ணிட்டேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"ஆடினது என் கை இல்லைங்க. அவங்க கை. வரைஞ்சதே அப்படித்தான்."

"அப்படியேவா போடறது? பாக்கறவங்க கடையத் திட்டுவாங்க சார்."

"கடை பேரைப் போடாதீங்க. அனுப்பினது எப்படி இருக்குதோ அப்படியே அடிங்க."

மீண்டும் அச்சாகி வருவதற்குள் அவரை எடுத்துவிட்டார்கள். நான் சுடுகாட்டுக்குப் போகவில்லை. கடையில் உட்கார்ந்து, இந்த முறை யாரும் எதையும் சரிசெய்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் சுமதியும் நானும் பஸ் நிறுத்தத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அதைக் கட்டினோம். ஆள் உயரத்துக்குப் பெரிதானதில் பென்சிலின் ஒவ்வொரு நடுக்கமும் விரல் பருமனுக்குத் தெரிந்தது. எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்த ஒரு அம்மாள் தலைச்சுமையை இறக்காமலே நின்றார்.

"நம்ம பாவாயக்காவா இது? ஏன் கண்ணு, இப்படிப் பயந்துபோயிப் பாக்குது?"

"பயந்தாங்க" என்றாள் சுமதி. "பயந்துக்கிட்டே அவங்களே போட்டது."

அந்த அம்மாள் சுமையை இறக்கி வைத்தார். படத்தின் அருகே போய், அந்தக் கண்களுக்கு நேராக நின்று, பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து விளக்கு வெளிச்சம் மேலே விழுந்தபோது பாவாயி அம்மாள் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய் வாருங்கள் அம்மா. உங்கள் கோட்டை நேராக்க விடவில்லை.